இல்லாத ஏழாம் வரிசை

ரான் தெயுவான் சவரக்கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரன். மற்ற எல்லாவற்றிலும் ஏமாளி. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கல்குதிரைத்துறையில் பதினைந்து வருஷம் அவன் நாற்காலி எங்கள் தேநீர்க்கடை வாசலில்தான் கிடந்தது. நான் உள்ளே கெண்டியோடு மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருப்பேன், அவன் வெளியே தலை தலையாகச் சிரைத்துக்கொண்டிருப்பான். வெந்நீர் வைக்க அவன் தோள் காவடியில் தொங்கிய அடுப்பு ஒரு வெள்ளத்தில் போனது. புது அடுப்பு வாங்க அவனுக்கு மனசு வரவே இல்லை. வெந்நீர் எங்கள் கடையிலிருந்துதான். தண்ணீர் கொதித்ததும் நான் உள்ளிருந்து குரல் கொடுப்பேன், அவன் பாத்திரத்தோடு வருவான்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என்னை 'பு தம்பி' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒல்லி. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, ஆனால் கத்தி கையில் இருக்கும்போது வாயே திறக்கமாட்டான். காது மடலுக்குப் பின்னால் அவன் சிரைக்கும்போது பெரிய பெரிய ஆட்களே கண் சொக்கிக் குறட்டை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெரிய ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஊரில் அரசாங்கம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தது அங்கிச் சகோதரர்கள் சங்கம்தான். நெல் வியாபாரி லேய் யோங்கான் அதற்குத் தலைவர். வரப்புத் தகராறா, ஓடிப்போன மருமகளா, படகு மோதியதா, இரண்டு தரப்பும் எங்கள் கடைக்கு வந்து உட்கார வேண்டும். லேய் நடுவில் உட்கார்ந்து கேட்பார். தோற்றவன் கடையிலிருந்த அத்தனை பேர் தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். கேட்க அழகாக இருக்கும். அபின் கிடங்கும் சூதாட்ட விடுதியும் அவர்களுடையதுதான், தீர்ப்பை ஏற்காதவன் ஆற்றில் மிதந்ததும் உண்டு. அவர்களை நல்லவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் குனிந்து குனிந்து ஊற்றிய முதுகு இது.

நானும் சங்கத்தில் இருந்தேன். இதை இவ்வளவு காலம் எங்கும் சொன்னதில்லை. உறுப்பினன் அல்லாதவன் அவர்கள் மேசையில் ஊற்றக்கூடாது என்றார்கள். கடை முதலாளி என்னைக் கொண்டுபோய்ச் சேவல் ரத்தம் குடிக்கவைத்துப் பத்தாம் வரிசையில் சேர்த்துவிட்டார். பத்தாம் வரிசை என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற வரிசை. முதல் வரிசை தலைவர், மூன்றாம் வரிசை உணவும் பணமும், ஐந்தாம் வரிசை வெளியூர்க்காரர்களை வரவேற்பது. இப்படிப் போகும். நாலாம் வரிசையும் ஏழாம் வரிசையும் மட்டும் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு நாலாமவனும் ஒரு ஏழாமவனும் சகோதரர்களைக் காட்டிக்கொடுத்தார்களாம். அன்றிலிருந்து அந்த இரண்டு எண்ணிலும் எவனும் உட்காரமாட்டான். சங்கத்தில் இல்லாத மீன்காரிக்குக்கூட இது தெரியும்.

யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. கொலை செய்தவனைச் சேர்ப்பார்கள். கொள்ளைக்காரனைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள். கூத்தாடியையும், குளியல் விடுதியில் கால் பிடித்துவிடுகிறவனையும், முடி வெட்டுகிறவனையும் சேர்க்கமாட்டார்கள். தொழில் கீழாம். வருஷா வருஷம் ஐந்தாம் மாதம் பதின்மூன்றாம் நாள் குவான் சாமி கோயிலில் சங்கத்தின் பெரிய விருந்து நடக்கும். அதற்கு முந்தின இரண்டு நாளும் ரானுக்கு நிமிரக்கூட நேரம் இருக்காது. அத்தனை சகோதரர்களின் தலையையும் பளபளவென்று ஆக்கி உள்ளே அனுப்பிவிட்டு, கோயில் வாசலுக்கு வெளியே நின்று வாசனை பிடிப்பான்.

அவனுக்கு அது வலித்ததா என்று கேட்டால், அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை. பிறகு அவன் தம்பி விஷயம் நடந்தது.

ஜப்பான்காரன் சுங்கிங்கில் குண்டு போட்டுக்கொண்டிருந்த வருஷம். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பதினோரு பேர் கணக்கு. யாரைக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் சங்கத்தின் மூன்றாம் வரிசைக்காரர். சங்கத்துக்காரன் வீட்டுக் கதவை எவனும் தட்டவில்லை. ரானின் தம்பியைத் துறையில் வைத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனார்கள். ரான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் கடையில் லேய் யோங்கானின் காலில் விழுந்தான். நான் பக்கத்தில் கெண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீ நம்ம ஆளா இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்டா" என்றார் லேய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார்.

அந்தத் தம்பி திரும்பி வரவே இல்லை. எந்த ஊரில் செத்தான் என்றுகூடத் தகவல் இல்லை. அன்றைக்குத்தான் ரானுக்குள் அந்தப் பூச்சி புகுந்தது. எப்படியாவது சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் வீட்டில் மிச்சம் இருக்கிறவர்களை எவனும் தொடமாட்டான். அவனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. என்னிடம் வந்து, மேசையில் கிண்ணத்தை எப்படி வைக்க வேண்டும், மூடியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று நச்சரிப்பான். நானும் ஒன்றிரண்டு சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வருஷம் உப்புக் கிணறுகள் இருக்கும் ஊருக்குத் தொழில் செய்யப் போனான். இரண்டு மாதம் கழித்து வந்தான். வந்தவன், வீட்டில் வளர்த்த பன்றியை ஓட்டிக்கொண்டு மறுபடியும் போனான். அவன் மனைவி யின்சியாங், புது வருஷத்துக்கு வைத்திருந்த பன்றி அது என்று தெருவெல்லாம் புலம்பினாள். திரும்பி வந்தபோது பன்றி இல்லை. மடியில் ஒரு சிவப்புத் துணி இருந்தது.

ஐந்தாம் மாதம் பதின்மூன்று. விருந்துக்கு முன்னால் சகோதரர்கள் எல்லாரும் எங்கள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரான் நீலத்தில் புது அங்கி போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். வாசல் பக்கத்து நாற்காலியைத் தாண்டி அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. என்னைப் பார்த்து ஒரு கிண்ணம் கேட்டான். கொண்டுவந்து வைத்தேன். மூடியைக் கழற்றி, தட்டின் இடது பக்கம் சாய்த்து வைத்தான். 'வெளியூர்ச் சகோதரன், தலைவரைப் பார்க்க வந்திருக்கிறேன்' என்பதற்கு அதுதான் அடையாளம். நான் சொல்லிக்கொடுத்ததுதான். சரியாகவே வைத்தான். சங்கத்துக்காரன் என்று பொய் சொன்னவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ரான் எழுந்து, கட்டை விரல்களை நிமிர்த்திக் கும்பிட்டு, அந்தச் சிவப்புத் துணியை லேய் முன்னால் விரித்தான். சங்கத்தின் வெளியூர்க் கிளை கொடுக்கும் உறுப்பினர் சான்று அது: முத்திரை, நாலு வரி மந்திரம், கிளைக்கு வைத்த ஏதோ ஒரு மலையின் பெயர், எல்லாம் இருந்தன. தொழில் என்ற இடத்தில் 'துணி வியாபாரம்' என்று எழுதியிருந்தது. லேய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடி படித்தார்.

"ஏழாம் வரிசையா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. ஏழாம் வரிசை" என்றான் ரான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பன்றியை வாங்கிக்கொண்டு அந்தத் துணியை விற்றவன் வேண்டுமென்றே விளையாடினானா, இல்லை அவனும் ஒன்றும் தெரியாத களவாணியா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. என்னிடம் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டவன் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மீன்காரிக்குத் தெரிந்தது எப்படி இவனுக்குத் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். தெரியாமல் இல்லை. விருந்தில் இடம் கிடைக்கப்போகிறது என்ற ஆசையில் மறந்தே போய்விட்டான். ஆசை அப்படித்தான் கண்ணைக் கட்டும்.

லேய் கண்ணாடியைக் கழற்றினார். அடி விழப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து இரண்டு கையாலும் ரானைக் கும்பிட்டார். "வாங்க ஏழண்ணே. முந்நூறு வருஷமா உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கோம். எங்க போயிருந்தீங்க?" என்றார்.

கடையே வெடித்துச் சிரித்தது. மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஐந்தாம் வரிசைக்காரர் பான் ஷுலின் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வாசலில் நின்ற கூலிக்காரர்கள், மீன்காரி, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உயிர் தப்பினான் என்ற நிம்மதியில் சிரித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவன் அந்தத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். புது அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காத்திருந்தவன் தலையில் தண்ணீர் தெளித்தான். அன்று முதல் அவன் ஊருக்கே ஏழண்ணன். குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அதில் இருந்த கேலி தேய்ந்து வெறும் பெயராகிவிட்டது. வெளியூர்ப் படகுக்காரர்கள் சிலர் நிஜமாகவே ஏதோ பெரிய ஆள் என்று நினைத்து மரியாதையாக நடத்துவார்கள். அப்போது அவன் மறுத்துச் சொல்லமாட்டான், லேசாகத் தலையை மட்டும் ஆட்டுவான். அந்தத் துணியை எரித்துவிடு என்று யின்சியாங் அண்ணி எத்தனையோ தடவை சொன்னாள். ஒரு பன்றியின் விலை, எப்படி எரிப்பது என்று கேட்டானாம்.

கம்யூனிஸ்டுகளின் விடுதலைப் படை வந்தது. அடுத்த வருஷமே லேய் யோங்கானை ஆற்று மணலில் வைத்துச் சுட்டார்கள். அவருக்காக நான் அழவில்லை, யாரும் அழவில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பெயர் கொடுக்க வேண்டும், மறைத்தவனுக்குத் தண்டனை இரண்டு மடங்கு என்று சுவரெல்லாம் எழுதிப்போட்டார்கள். கீழ் வரிசைக்காரர்கள் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று பயந்து பயந்தே கெடு முடிந்துவிட்டது. பத்தாம் வரிசை எடுபிடிகளைச் சங்கத்தின் ஊர்ப் புத்தகத்தில் எழுதுவதில்லை, என் பெயரும் அதில் இல்லை. என்னைச் சேர்த்துவைத்த முதலாளியும் செத்துப்போயிருந்தார்.

ரானுக்கு அது நல்ல காலம். நிலம் இல்லாதவன், கூலி, அடிமட்டத் தொழிலாளி. புதிதாக வந்தவர்களுக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. முடி வெட்டுகிறவர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கப்போகிறோம், நீதான் தலைவன் என்று புது அரசாங்கம் அனுப்பிய பணிக்குழுவின் ஹாவ் அவனிடம் சொல்லியிருந்தார். ஹாவ் வடக்கே ஷான்சி மாகாணத்திலிருந்து வந்தவர். கடுகடுவென்று இருப்பார், லஞ்சம் வாங்கமாட்டார், எங்கள் பேச்சு பாதிதான் புரியும். கைதாகியிருந்த பான் ஷுலினை உட்காரவைத்து வரிசை வரிசையாகத் தலைவர்களின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று பட்டியல் வந்தது. நாலும் ஏழும் எங்கே என்று கேட்டார். கிடையாது என்றார் பான். யாரையோ ஒளித்துவைக்கிறான் என்று ஹாவ் முடிவு கட்டிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரியவந்தது.

ஒரு நாள் காலை ஹாவ் சவரத்துக்கு வந்து ரானின் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு கட்டி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். ரான் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே தண்ணீர் கொதித்தது. வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. தினமும் கொடுக்கிற குரலைத்தான் கொடுத்தேன்.

"ஏழண்ணே, வெந்நீர் ரெடி."

ஹாவ் தலையை நிமிர்த்தினார். கத்தி அவர் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "உன்னை என்னன்னு கூப்பிட்டான்?" என்று ரானிடம் கேட்டார். ரான் பாதி சிரிப்போடு, "சும்மா பட்டப்பேருங்க" என்றான். ஹாவ் சவரத்தை முழுதாகச் செய்துகொண்டார், காசும் கொடுத்தார். மத்தியானம் ஆட்கள் வந்து ரானின் வீட்டைப் புரட்டினார்கள். அரிசிப் பானைக்கு அடியில் சிவப்புத் துணி இருந்தது.

மூன்றாம் நாள் கோயிலின் கூத்து மேடையில் கூட்டம். ஊர் முழுக்க வந்து நின்றது. ரானைக் கையைப் பின்னால் கட்டி மேடையில் நிறுத்தினார்கள். ஹாவ் துணியை உயர்த்திக் காட்டி, ஏழாம் வரிசைத் தலைவன் இத்தனை நாள் ஏழை வேஷத்தில் நம் நடுவில் இருந்திருக்கிறான், கத்தியோடு என் கழுத்துவரை வந்துவிட்டான் என்றார். ரான் நடந்ததை எல்லாம் சொன்னான். தம்பியைச் சொன்னான், பன்றியைச் சொன்னான், தன்னைச் சேர்க்கவே மாட்டார்கள் என்றும் சொன்னான். அப்போதும் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஏழு என்று ஒரு வரிசையே இல்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான்.

ஹாவ் கூட்டத்தைப் பார்த்தார். அவர் அநியாயக்காரர் இல்லை, கேட்கத்தான் செய்தார். "சங்கத்தின் உள்விவகாரம் தெரிந்தவர்கள் முன்னால் வந்து சொல்லலாம். எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் எல்லார் வாயும் கட்டிப்போயிற்று. தெரியும் என்று சொன்னால் நீயும் சங்கத்துக்காரன். மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கூலிக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். கைநாட்டு வைத்துத் தப்பியவர்களும் மறுபடி சிக்கிக்கொள்ளப் பயந்து குனிந்துகொண்டார்கள். பான் ஷுலினை முந்தின வாரமே மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ரான் மேடையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்ததும் நின்றான்.

"பு தம்பி. நீ அங்கதான இருந்த. எல்லாரும் சிரிச்சீங்களே. அதே மாதிரி ஒரு தடவ சிரிங்களேன். யாராச்சும் ஒருத்தர் சிரிச்சாப் போதும், இவருக்குப் புரிஞ்சிடும்."

அவன் சொன்னது சரி. நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்திருந்தால், அது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று அந்த வடக்கத்திக்காரருக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். நானூறு பேர் நின்றோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள்மேல் பழி போடமாட்டேன். அவள் பிடிக்காமல் இருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நான் கோழை. கெண்டி தூக்கத்தான் லாயக்கு.

பத்து வருஷம் தண்டனை. மலைக்குப் பின்னால் இருக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். யின்சியாங் அண்ணி சலவைக்குப் போய் வயிறு கழுவினாள். எங்கள் கடை வழியாகத்தான் ஆற்றுக்குப் போவாள். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரணம் கேட்டு இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் நாற்காலி கடையின் பின்கட்டில் கிடந்தது. அவளிடம் கொடுத்தனுப்பவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டாவது குளிர்காலம் முடிகிற சமயம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அண்ணி உள்ளே வந்தாள். கையில் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் யாரும் படித்துச் சொல்ல முன்வரவில்லையாம். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தேநீர் வைத்தேன், தொடவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். ரான் தெயுவான், வயது நாற்பத்து மூன்று. நெஞ்சுச் சளியில் இறந்தான். தேதி போட்டிருந்தது, பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். படித்துச் சொன்னேன். அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வரி இருக்கிற மாதிரி தெரிகிறதே, அது என்ன என்று கேட்டாள்.

அந்த வரியை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் விரலை வைத்துக் காட்டிவிட்டாள். "அங்கிச் சகோதரர் சங்கம், ஏழாம் வரிசைத் தலைவர்" என்று படித்தேன்.

"தொழில்னு போட்டிருப்பாங்களே. முடி வெட்டுறவன்னு போட்டிருக்கா?"

"இல்ல அண்ணி."

"எங்கயுமே போடலையா? நல்லாப் பாரு."

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை. இல்லை என்று சொன்னேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒருவழியாச் சேத்துக்கிட்டாங்க" என்றாள்.